வாசனையும் வாடையும்

எங்கள் வீட்டில் விராலை உயிரோடுதான் வாங்குவார்கள். மீன்காரர் சைக்கிளில் கட்டிவந்த அலுமினிய அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவி, வழுக்கி வழுக்கி ஓடுவதில் ஒன்றைச் செவுளோடு பிடித்துத் தூக்குவார். வாங்கியதும் பெரியம்மா அதை அறுத்துவிட மாட்டார். கொல்லைத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் நீந்த விடுவார். "சேறெல்லாம் கக்கட்டும்" என்பார். ஒரு சித்திரை மாதம் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வாங்கிய கையோடு அறுக்க வேண்டியதாயிற்று. சாம்பல் போட்டு உரசி, தோலை உரித்து, ஒரு துண்டை மூக்குப் பக்கம் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். "மண் வாடை அடிக்குதுடா. புளியை இன்னும் ஒரு கை அள்ளி ஊறப்போடு."

அன்று சாயங்காலமே கோடை மழை பிடித்துக்கொண்டது. முதல் தூறல் விழுந்ததும் அதே பெரியம்மா திண்ணைக்கு வந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, "என்னமா மண்வாசனை!" என்றார். காலையில் வாடை, மாலையில் வாசனை. மூக்கு ஒன்றுதான். மூக்கில் ஏறிய பொருளும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பது எனக்குத் தெரிய இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. பிடித்தால் வாசனை, பிடிக்காவிட்டால் வாடை என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். 1983இல் பாரதிராஜா தன் படத்துக்கு 'மண்வாசனை' என்று பெயர் வைத்தார். 'மண்வாடை' என்று வைத்திருந்தால் யார் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்?

அந்தப் பொருளின் பெயர் ஜியோஸ்மின். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், ஒரே ஓர் ஆக்சிஜன். சின்ன மூலக்கூறு, சுலபமாகக் காற்றில் ஏறிவிடும். அதைச் செய்வது மண் அல்ல, மழையும் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியா. அதிலும் முக்கியமாக ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற கூட்டம்.

பாக்டீரியா என்றதும் உருண்டையாகவோ குச்சியாகவோ ஒற்றை உயிர் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அப்படி இல்லை. பூஞ்சை போல இழை விட்டு, இழைக்குக் கிளை விட்டு, மண்துகள்களுக்கு நடுவே வலை பின்னிக்கொண்டு வாழும். மட்கிய இலை, செத்த பூச்சியின் ஓடு, எல்லாம் அதற்குச் சாப்பாடு. சாப்பாடு இருக்கும்வரை பெரிதாக மணம் எதுவும் இல்லை. தீர்ந்துபோகும்போதுதான் கதை ஆரம்பம். பட்டினி வந்ததும் அந்தக் குடும்பம் ஒரு முடிவு எடுக்கிறது: கீழே கிடக்கும் பழைய இழைகள் தங்களைத் தாங்களே கரைத்துக்கொள்கின்றன, அந்தச் சத்தை உறிஞ்சிக்கொண்டு புதிய இழைகள் மண்ணிலிருந்து காற்றை நோக்கி எழும்புகின்றன. எழும்பிய இழை துண்டு துண்டாகத் தடுப்புப் போட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு வித்தாக மாறுகிறது. பஞ்சத்தில் வீட்டை விற்றாவது விதைநெல்லைக் காப்பாற்றும் குடியானவன் செய்வதுதான் இது. இப்படிக் கரைந்து கிடக்கும் நேரத்தில் வேறு கிருமிகள் புகுந்து தின்றுவிடாமல் இருக்க ஆண்டிபயாடிக்கும் சுரக்கிறது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் காசநோய்க்கு எதிராகக் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் இப்படி ஒரு காவல் மருந்துதான்.

வித்து கட்டும் அந்தத் தருணத்தில்தான் ஜியோஸ்மின் பிறக்கிறது. செய்யும் விதமும் வேடிக்கையானது. 15 கார்பன் கொண்ட ஒரு மூலப்பொருளை எடுத்து, ஒரே நொதி இரண்டு கைகளால் வேலை செய்கிறது. முன்பாதி அதை வளைத்து மடக்கிப் பின்பாதியிடம் தருகிறது. பின்பாதி மூன்று கார்பனை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இரட்டை வளையமாக முடிகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன் குழுவினர் 2007இல் இதை விளக்கினார்கள். வெட்டி எறியும் அந்த மூன்று கார்பன் என்னவாகிறது தெரியுமா? அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கும் அதே திரவம். மண்வாசனை செய்யும் பட்டறையின் கழிவு அது.

இத்தனை பாடுபட்டு ஒரு மணத்தை எதற்குச் செய்ய வேண்டும்? ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்த மரபணு இருக்கிறது. எதற்கும் உதவாத மரபணுவை ஒரு கூட்டமே கோடிக்கணக்கான வருஷம் சுமந்துகொண்டு திரியாது.

மழைக்காலத்தில் பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரத்தில் வெள்ளை வெள்ளையாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், தொட்டால் துள்ளும் பொடிப் பிராணிகள் தெரியும். வயிற்றுக்கடியில் ஒரு கவையை மடக்கிக் கொக்கி போட்டு வைத்திருக்கும். பயந்தால் கொக்கியை விடும். கவை தரையில் அடித்து ஆளைத் தூக்கி எறியும். ஸ்பிரிங்டெயில் என்பது உலகப் பெயர். பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் அகப்பட்ட இதன் மூதாதைக்கு வயது 40 கோடி ஆண்டுக்கு மேல்.

ஸ்வீடன், பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வயலில் பொறி வைத்து அதில் ஸ்ட்ரெப்டோமைசிஸை வளர்த்தார்கள். ஸ்பிரிங்டெயில்கள் தேடிக்கொண்டு வந்தன. ஜியோஸ்மின் பட்டதும் அவற்றின் உணர்கொம்பில் மின்துடிப்பு எழுந்ததையும் அளந்தார்கள். வந்தவை வித்துக் கட்டிய இழைகளை மேய்ந்தன. மேய்ந்ததில் சில வித்துகள் எச்சத்தோடு உயிருடன் வெளியேறின. சில, தண்ணீர் ஒட்டாத அதன் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு ஊர் போயின. ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்து நீந்தாது, நடக்காது. நடக்கிறவனைக் கூப்பிட்டு வயிற்றிலும் முதுகிலும் ஏறிக்கொள்கிறது. ஆலம்பழம் காக்கைக்குச் செய்யும் உபசாரம். ஆண்டிபயாடிக்கில் ஊறிக் கிடக்கும் அந்தத் தீனியைத் தின்று செரிக்க ஸ்பிரிங்டெயிலிடம் அதற்கேற்ற நொதிகள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு அது விஷம்.

அந்த 'மற்றவர்'களில் ஒருவர் நூற்புழு. பாக்டீரியாவைத்தான் தின்று வாழ்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்றால் சாகும். மாண்ட்ரியலில் உள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தார் 2022இல் காட்டியது, ஜியோஸ்மின் உள்ள இடத்தில் நூற்புழு திரும்பி வேறு வழி பார்க்கிறது என்பது. ஒருவனுக்குப் பந்தி விரித்த அழைப்பு, இன்னொருவனுக்கு 'நாய் ஜாக்கிரதை' பலகை. எழுதியது ஒரே எழுத்து. இதில் யார் சரியாகப் படித்தார் என்று கேட்பதில் பொருள் இல்லை. இரண்டு பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள், எழுதியவனும் பிழைத்துக்கொள்கிறான்.

காற்றில் ஏறும் பொருளைக்கொண்டு பாக்டீரியா காரியம் சாதிப்பது இது ஒன்றோடு நிற்கவில்லை. 2003இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூங்-மின் ரியூவும் உடன் உழைத்தவர்களும் நடுவில் தடுப்பு வைத்த பெட்ரி தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் மண்ணில் வாழும் பேசில்லஸ். வேர் தொட வழியில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மூடிக்குக் கீழே உள்ள காற்று மட்டும். செடி கொழுகொழு என்று வளர்ந்தது. காற்றில் வந்தது பியூட்டேன்டையால் என்ற ஆவி. அதைத் தயாரிக்கத் தெரியாத திரிபுப் பாக்டீரியாவை வைத்தபோது அந்த வளர்ச்சி இல்லை. எரு, தண்ணீர், வெயில் என்று கணக்குப் பார்க்கும் விவசாயத்தில் 'அடியில் இருக்கிறவன் விடும் மூச்சு' என்று ஒரு வரியைச் சேர்க்க வைத்த சோதனை அது. இன்னொன்று கனடாவில், 2017இல்: ஈஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது ஸ்ட்ரெப்டோமைசிஸில் ஒரு வகை வழக்கத்தை விட்டுப் படபடவென்று தட்டு முழுவதும் பரவியது, தூரத்தில் இருக்கும் தன் இனத்தையும் காற்றுவழியே சொல்லிப் பரவ வைத்தது. தூது போனது டிரைமெத்தில் அமீன். அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் ஆளை உங்களுக்குத் தெரியும். மீன் அங்காடிக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிறதே கவுச்சி, அதுதான். நிற்க; நம்மாள் ஜியோஸ்மினிடம் திரும்புகிறேன்.

மண்ணுக்குள் இருந்தவன் நம் மூக்குக்கு வந்த வழி மழைத்துளி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் யங்சூ ஜங், கல்லன் பூயி இருவரும் அதிவேகக் கேமரா வைத்து, பலவகை மண்ணின் மேல் துளி விழுவதை 2015இல் படம் பிடித்தார்கள். நொடியில் ஒரு சிறு கூறு நேரத்தில் நடக்கும் சங்கதி. துளி தரையில் மோதித் தட்டையாகிறது. அடியில் மண்ணின் துளைகளில் இருந்த காற்று, துளிக்குள் பொடிக் குமிழிகளாக மேலே ஏறுகிறது. மேல்பரப்பை எட்டியதும் வெடித்து, கண்ணுக்கே தெரியாத தூவானத்தை எறிகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் முகத்தில் தெறிக்குமே, அப்படி. அந்தத் தூவானம் மண்ணில் இருந்ததையெல்லாம் சுமந்துகொண்டு காற்றில் மிதக்கிறது. தூறலிலும் மிதமான மழையிலும் இது நன்றாக நடக்கிறது, கொட்டும் மழையில் குறைந்துபோகிறது என்பது அவர்கள் கண்டது. அடைமழையில் மண்வாசனை வராது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேமராவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: அந்தத் தூவானத்தில் பாக்டீரியாவும் உயிரோடு பயணம் போகிறது. ஆக, ஸ்பிரிங்டெயில் வராவிட்டாலும் சவாரிக்கு ஆள் உண்டு.

மனிதன் இந்த மணத்தின் பின்னால் அலைந்த கதை தனி. 1891இல் பாரிஸில் மார்சலின் பெர்த்தலோவும் குஸ்தாவ் ஆந்த்ரேயும் மண்ணை நீராவியில் வடித்து, இந்த மணம் கற்பூரத்தை ஒத்த ஏதோ ஒரு பொருளால் வருவது, அது மிக மிகக் கொஞ்சமே இருக்கிறது என்றார்கள். பெர்த்தலோ சில வருஷத்தில் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சரே ஆகிவிட்டார்; மண்வாசனைக்குப் பெயர் வைக்கும் வேலை அப்படியே நின்றது. 1936இல் பிரிட்டனில் தேசன் என்பவர், ஆற்று சால்மன் மீனில் சேற்று நாற்றம் வருவதற்கு நீரோரத்து ஆக்டினோமைசீட்ஸ்தான் காரணம் என்று எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அந்தக் குலத்தில் வருவது. என் பெரியம்மாவின் புகார் அறிவியலில் பதிவானது அப்போது.

பிறகு 1964. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் காய்ந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியில் வடித்து மஞ்சள் எண்ணெய் ஒன்றை எடுத்தார்கள். கல்லுக்கும் கிரேக்கத் தெய்வங்களின் ரத்தத்துக்கும் உரிய சொற்களை ஒட்டி 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் முதல் மழைக்கு ஆளாளுக்குப் போடும் சொல் அதுதான். ஆனால் பெட்ரிகோரும் ஜியோஸ்மினும் ஒன்றல்ல. வறண்ட காலத்தில் செடிகொடிகளிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து கல்லிலும் களியிலும் படிந்து ஊறும் எண்ணெய்க் கலவை பெட்ரிகோர். ஜியோஸ்மின் பாக்டீரியா சரக்கு. மழை பெய்ததும் இரண்டும் கைகோத்து வருகின்றன. நாம் ஒரே பெயரில் இரண்டையும் அனுபவிக்கிறோம். அதில் குற்றம் இல்லை, கட்டுரை எழுதுகிறவர்கள் குழப்பிக்கொள்ளும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பேரும் தாமஸும் அந்த எண்ணெய்க்குப் பெயர் தருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அதைக் குப்பியில் அடைத்து விற்றவர்கள் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ்காரர்கள். பேரும் தாமஸுமே தங்கள் கட்டுரையில் இதைக் குறிப்பிடுகிறார்கள். மழைக்கு முந்திய கடும் கோடையில், வறண்ட குளத்து மண்ணை எடுத்துப் பிசைந்து, வில்லை தட்டிச் சூளையில் வேகவைப்பார்கள். அதைச் செப்புப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே விறகும் வறட்டியும் வைத்து எரிப்பார்கள். பானைக்குப் பெயர் தேக். அதன் வாயிலிருந்து மூங்கில் குழாய் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற செப்புக் குடுவைக்குப் போகும். பப்காவுக்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண்ணின் ஆவி வந்து சந்தனத்தில் கரையும். தீ கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. மீட்டர் எதுவும் இல்லை, பப்காவைத் தொட்டுப் பார்க்கும் கையின் சூடுதான் கணக்கு. கடைசியில் அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். மிச்ச ஈரம் தோல் வழியாக வெளியேறிவிடும். மிட்டி அத்தர் என்று பெயர். சூளையில் வெந்த மண்ணில் பாக்டீரியாவின் பங்கு அதிகம் நிற்க வழியில்லை. இது பெரும்பாலும் பெட்ரிகோரின் வீடு. நம்மாள் இங்கே வாசலோடு சரி.

அவனுக்குச் சொந்தப் பெயர் கிடைத்தது 1965இல். ரட்கர்ஸில், ஸ்ட்ரெப்டோமைசின் ஈட்டிய பணத்தில் வாக்ஸ்மன் கட்டிய நுண்ணுயிரியல் நிலையத்தில், நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷவாலியேயும் ஆக்டினோமைசீட்ஸ் வளர்ப்பிலிருந்து மண் மணக்கும் எண்ணெயைப் பிரித்தெடுத்து, 'மண்ணின் மணம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஜியோஸ்மின் என்றழைத்தார்கள். 1968இல் கெர்பர் அதன் உருவத்தையும் கண்டுசொன்னார். பெர்த்தலோ தொட்டு விட்டதை முடிக்க 77 வருஷம். காரணம் அலட்சியம் இல்லை, அளவுதான்: மூக்குக்கு இத்தனை பளிச்சென்று தெரியும் பொருள், குடுவையில் தேடினால் அகப்படவே மாட்டேன் என்றது.

எவ்வளவு கொஞ்சம்? ஒரு லிட்டர் தண்ணீரில் 5 முதல் 10 நானோகிராம் இருந்தால் மனித மூக்கு பிடித்துவிடும். நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதைக் கண்முன் கொண்டுவர ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. லிட்டருக்கு 5 நானோகிராம் என்று வைத்தால், கரை தளும்பும் அந்த ஏரி முழுவதையும் மணக்கச் செய்ய அரைக் கிலோவும் கொசுறும் போதும். ஒரு காப்பிப்பொடிப் பொட்டலம். நம் மூக்கில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஜியோஸ்மினுக்கு விடை சொல்வது ஒரே ஒன்று என்று ஜெர்மனியில் மியூனிக் அருகே ஆய்வாளர்கள் 2024இல் கண்டார்கள். வட அமெரிக்கப் பாலையில் வாழும் கங்காரு எலியின் அதே ஏற்பி நம்முடையதைவிட நூறு மடங்கு கூர்மை. பாலைவனத்தில் வாழ்பவனுக்கு ஈர மண் எங்கே என்பது தெரிந்தாக வேண்டும். ஒட்டகமும் இதை முகர்ந்துதான் நீர்ச்சுனையைக் கண்டுபிடிக்கிறது என்று ஒரு கதை புழங்குகிறது. அழகான கதை, ஊகம்தான்.

தண்ணீருக்குள் போனதும் இவன் பெயர் கெடுகிறது. அங்கே செய்கிறவர்கள் வேறு: ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் வெயில் காலத்தில் பொங்கும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று சொன்னாலும் அதுவும் பாக்டீரியாதான். கூடவே எம்.ஐ.பி. என்றொரு பங்காளியும் வருவான். அவன் பூசணம் பூத்த வாடை. இருவரும் உடம்புக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் குழாயைத் திறந்ததும் மண் வாடை அடித்தால் எந்த அதிகாரி சொல்லியும் யாரும் அதைக் குடிக்கப் போவதில்லை. ஜப்பானின் பிவா ஏரியில் 1969 முதலே இந்தப் புகார். அந்த நாடு குடிநீருக்கு லிட்டருக்கு 10 நானோகிராம் என்று வரம்பே வகுத்திருக்கிறது. 2020 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் குழாய்த் தண்ணீர் மண் வாடை அடித்து, கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோய், ஜியோஸ்மின் என்ற சொல் தெருவில் எல்லோர் வாயிலும் புகுந்தது. குளோரின் போட்டால் போகாது. பாசியின் உடலை உடைத்து உள்ளே இருப்பதையும் வெளியே விட்டுவிடும். கரிதான் மருந்து. ஆக்டிவேட்டட் கார்பன் என்று பொறியாளர்கள் சொல்லும் கரித்தூளின் துளைகளில் போய் அடைந்துகொள்வான்.

குளத்து மீனுக்குள் அவன் போவது செவுள் வழி. கொழுப்பில் கரைகிறவன் ஆதலால் வயிற்றுக் கொழுப்பிலும் தோலடியிலும் தங்குவான். அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெளுத்தி இனத்து மீனை ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். அங்கே பிடிப்பதற்கு முன் மாதிரிக்கு ஒன்றை எடுத்துவந்து, மைக்ரோவேவில் உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, முகர்ந்து சுவைத்துப் பார்த்து 'சரி' சொல்ல ஆள் இருக்கிறார். அவர் தலையாட்டாவிட்டால் குளம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். தீர்வு என்ன? சுத்தமான தண்ணீரில் சில நாள் விட்டு வைப்பது. மெல்ல மெல்லச் செவுள் வழியே வெளியேறிவிடும். பெரியம்மாவின் கொல்லைத் தொட்டிக்கு அங்கே பெரிய பெயர் இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: கக்க வேண்டியது வயிற்றில் இருந்த சேறு அல்ல, சதையில் இருந்த மணம்.

பூச்சிகளிடம் போனால் இன்னும் வினோதம். வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னப் பழ ஈக்கு ஜியோஸ்மினுக்கென்றே தனி நரம்பு வைத்திருக்கிறது இயற்கை. ஜெர்மனியின் ஜேனாவில் மார்கஸ் ஸ்டென்ஸ்மிர், பில் ஹான்சன் குழுவினர் 2012இல் காட்டினார்கள். அந்த நரம்பு வேறெந்த மணத்துக்கும் அசைவதில்லை. அது துடித்துவிட்டால், எவ்வளவு சுவையான புளித்த பழமாக இருந்தாலும் ஈ அதில் உட்காராது, முட்டை இடாது. பழத்தில் நச்சுப் பூசணமோ ஸ்ட்ரெப்டோமைசிஸோ ஏறிவிட்டது என்பதே அதற்கு அந்த மணத்தின் பொருள். எட்டு வருஷம் கழித்து அதே ஸ்டென்ஸ்மிர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு, டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு இதே மணத்தை நாடிப் போய் முட்டை இடுகிறது என்றது. பாசி இருந்தால் லார்வாக்களுக்குத் தீனி இருக்கும். பெண் கொசு தேடுவது பிள்ளை பிழைக்கும் இடம். ஃபுளோரிடாவின் மயாமியில் ஜியோஸ்மின் கலந்த பொறிகளில் வெறும் தண்ணீர் வைத்ததைவிட முட்டைகள் கூடுதலாக விழுந்தன.

செயற்கை ஜியோஸ்மின் விலை கூடியது. அதற்குப் பதில் பிரேசிலில் அவர்கள் பயன்படுத்திப் பார்த்தது பீட்ரூட் தோல். பீட்ரூட் வேண்டாம் என்று குழந்தைகள் தட்டை ஒதுக்கும்போது "மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு" என்பார்களே, அவர்கள் சொல்வது சரி. தோலில் ஜியோஸ்மின் இருக்கிறது. மண்ணிலிருந்து ஒட்டியதா என்றால், கிருமியே இல்லாமல் வளர்த்த பீட்ரூட்டிலும் இருந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. தோலை ஊறவைத்த தண்ணீருக்குக் கொசு வந்து முட்டை இட்டது. நம் சமையலறைகளில் தினமும் குப்பைக்குப் போகும் தோல் அது.

இவ்வளவு ஊர் சுற்றியவனுக்கு முடிவு எங்கே? கரித்துளையில் அடைபடுவது ஒன்று. நீர் வடிக்கும் மணல் படுகையில் அவனைத் தின்றே வாழும் வேறு பாக்டீரியாக்களிடம் சிக்குவது இன்னொன்று. மூன்றாவதை கெர்பரும் லெஷவாலியேயும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்ததும் மணம் நின்றுபோனது. மூலக்கூறு ஒரு தண்ணீரை இழந்து உருமாறிவிடுகிறது. மணமற்ற அந்தப் பொருளுக்கு ஆர்கோஸ்மின் என்று பெயர். வேலையை விட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டது என்று பொருள் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

புளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லை. அதன் புளிப்பு கொஞ்சம் உருமாற்றலாம், மிச்சத்தை மிளகும் பூண்டும் மறைக்கும். கடல் மீனாக இருந்தால் டிரைமெத்தில் அமீனையும் அதே புளிதான் பிடித்துக் கட்டும். அந்தச் சித்திரை மாதத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கல்லுப்புப் போட்டுத் துண்டுகளை உரசி, வயிற்றுக் கொழுப்பைச் சுரண்டி எறிந்து, கெட்டியான புளிக்கரைசலில் புரட்டி வைத்துவிட்டுப் பெரியம்மா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து அலசினார். ஒரு துண்டை எடுத்து மறுபடி மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "ம்" என்றார். சட்டியை அடுப்பில் ஏற்றினார்.